மூச்சு வாங்கிய இடம்

எங்கள் ராக் ஆல்பத்தின் கடைசிப் பாட்டை நிறைமாதத்தில் பாடினேன். வலியசாலையில் எங்கள் வீட்டு மாடி அறைதான் ஸ்டுடியோ. ஜன்னல்களில் மெத்தையைச் சாத்திவைத்து, பக்கத்துக் கோயிலில் நடை அடைத்திருக்கும் மதிய வேளையில் மட்டும் பதிவுசெய்வோம். நடை திறந்துவிட்டால் செண்டை மேளச் சத்தம் மைக்கில் ஏறிவிடும். அன்று நீளமான வரி ஒன்றின் நடுவே குழந்தை உள்ளே புரண்டு விலாவில் உதைத்தது. நின்று, மூச்சு வாங்கி, மீதியைப் பாடினேன். மறுபடி பாடலாமா என்று யோசிப்பதற்குள் நடை திறந்துவிட்டது. கிட்டார் வாசிக்கும் என் கணவர், "இருக்கட்டும், அதுதான் அழகாக்கும்" என்றார். நம்பினேன்.

மகள் பிறந்த பிறகு ஆல்பம் வெளியானது. இணையத்தில் வந்த முதல் விமர்சனம் கிட்டாரைப் புகழ்ந்தது, டிரம்ஸைப் புகழ்ந்தது, பாடகிக்கு மூச்சுப் பயிற்சி போதாது என்று முடித்தது. அதன் கீழே ரசிகர்கள் சண்டை போட்டார்கள். எனக்காகப் பேசியவர்களும் உண்டு. அவர்கள் எழுதியது எதுவும் மனதில் தங்கவில்லை. 'இந்தச் சேச்சிக்கு ஆஸ்துமாவோ?' என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு வந்த சிரிப்புப் பொம்மைகள் இன்னும் கண்ணில் நிற்கின்றன.

"பால் குடுக்கறச்சேயும் ஃபோனா? குழந்தை மொகத்தைப் பாரு" என்றார் மாமியார். பார்த்தேன். என் துக்கம் பாலில் இறங்குமோ என்று பயமாக இருந்தது. பதிவுசெய்த மறுநாள் மதியமே மறுபடி ஒழுங்காகப் பாடியிருக்கலாமே என்றும் தோன்றியது.

பிறகு ஒரு ரசிகர் அந்த மூச்சை வெட்டி, வரியை ஒட்டவைத்து, இணையத்தில் போட்டார். அதுதான் பரவியது. டிரம்ஸ் வாசிக்கும் பையன் தயங்கித் தயங்கி மாடியேறி வந்தான்.

"சேச்சி, தப்பா எடுக்கண்டா. நம்ம பாட்டையும் அதுபோல மாத்தினா கொள்ளாம், கேக்க நல்லா இருக்கும்."

கணவர் கிட்டார் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "உனக்குச் சங்கடம் ஒண்ணும் இல்லையே?"

"மாத்திக்கோங்கோ. எல்லாருக்கும் நன்னா இருந்தாச் சரி."

அந்த ஆல்பத்தில் என் மகள் இருந்தது அந்த ஓரிடத்தில் மட்டும்தான். அவள் உதைத்ததை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். விமர்சனத்துக்குச் சாக்கு தேடுகிறேன் என்று நினைத்துவிடுவார்களோ என்று வாயை மூடிக்கொண்டேன். அன்று சாயங்காலமே பழைய பதிவை நீக்கிவிட்டு, மூச்சை வெட்டியதைப் போட்டார்கள்.

ஒரு கல்லூரி மைதானத்தில் நடந்த எங்கள் கச்சேரியில் எனக்குப் பதில் வேறொரு பெண் பாடினாள். கைக்குழந்தையோடு நான் எப்படி மேடையேறுவது? மகளைத் தோளில் சாய்த்து, காதைப் பொத்தி, கூட்டத்தின் கடைசியில் நின்றேன். கடைசிப் பாட்டை மைதானமே சேர்ந்து பாடியது. நானும் மெல்லப் பாடினேன். அந்த வரி வந்தது. எல்லோரும் நிற்காமல் பாடிக் கடந்தார்கள். நான் மட்டும் நடுவில் நின்று மூச்சு வாங்கினேன். மீதி வரியைத் தொடங்கியபோது பாட்டு வெகுதூரம் போயிருந்தது.