எட்டரைக்கு இருட்டும் வீடு

என் மகளுக்குப் பதினேழு வயது. சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. மாத்திரைக்கு அடங்கித்தான் இருந்தது. உறக்கம் கெட்டால் மட்டும் எட்டிப் பார்க்கும். அவளுக்கோ உறக்கம் என்றாலே ஆகாது. நடுநிசி தாண்டியும் புரண்டுகொண்டிருப்பாள். நானும் ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டே படுத்திருப்பேன்.

இந்த வருஷம் வகுப்போடு மூணாறு போயே தீருவேன் என்று நின்றாள். டாக்டர் சிரித்தார். "ஆத்யம் உறக்கம், பின்னே மூணாறு!"

வழக்கமான மாத்திரைகளோடு மெலட்டோனினும் எழுதிக் கொடுத்தார். இது வலிப்புக்கு இல்லை, உறக்கத்துக்கு. இருட்டினால் மூளை தானாகவே சுரப்பதுதானாம். வெளிச்சம் பட்டால் சுரக்கத் தயங்குமாம். ஆகவே மாத்திரை மட்டும் போதாது, வீடும் இருட்ட வேண்டும்.

மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்குக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீடு அன்று முதல் எட்டரைக்கே இருட்டியது. ஃபோன்கள் மூன்றும் சமையலறையில் அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் போய்ப் படுத்தன. கிரிக்கெட் பார்க்க முடியாத என் வீட்டுக்காரர் இருட்டில் நாற்காலியில் இடித்துக்கொண்டு, "ஒறக்கம் அவளுக்கு, காயம் நேக்கா?" என்று முனகினார். முதல் நாளே பக்கத்து வீட்டுச் சேச்சி எமர்ஜென்சி விளக்கோடு ஓடி வந்தாள்.

"இவிடெ மாத்ரம் கரண்டு போயோ?"

விஷயத்தைச் சொன்னேன். போகிற வழியில் தன் வாசல் விளக்கையும் அணைத்துவிட்டுப் போனாள். அந்த மனுஷிக்குக் கோயிலே கட்டலாம்.

கொஞ்சம் கொஞ்சமாக மகளுக்கு உறக்கம் பிடிபட்டது. காலையில் சிடுசிடுப்பு இல்லாமல் அவளே எழுந்து வந்து சாயா கேட்டாள். வலிப்பும் வரவில்லை. டாக்டர் சரி என்றதும் அவள் போட்ட கூச்சலில் கிடங்குக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மூணாறு போய்ச் சேர்ந்த அன்று ராத்திரி, "மாத்திரை போட்டாச்சு, படுக்கறேன்" என்று செய்தி அனுப்பினாள். ஃபோனைத் தலையணைக்கு அடியில் வைக்கத்தான் நினைத்திருந்தேன். கை பழக்கதோஷத்தில் அதை அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டது. வீடு இருட்டியது. படுத்ததுதான் தெரியும்.

கதவு இடிபடும் சத்தத்தில்தான் விழித்தேன். வெயில் கட்டில் வரை வந்திருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. கதவைத் திறந்தால், சேச்சி ஃபோனை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். "மோளாணு!"

"அம்மா! எத்தனை வாட்டி விளிச்சேன்! ரெண்டு பேரும் எடுக்கலை. நான் பேடிச்சே போய்ட்டேன்!"

"நோக்கு ஒண்ணும் இல்லையே?"

"நேக்கென்ன? சுகமா ஒறங்கி எழுந்து புட்டும் கடலையும் தின்னாச்சு. நோக்கு என்னாச்சு?"

உள்ளே அவள் அப்பா இன்னும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"ஒறங்கிப்போய்ட்டேன்டீ" என்றேன்.