பீரோவுக்குள் ஒரு டம்ளர் தண்ணீர்

நகைக்கடையில் எனக்கு முத்து கோர்க்கும் வேலை. இருபத்தாறு வருடமாகக் கடையின் பின்பக்கம் ஒரு சின்ன அறை, ஒரு விளக்கு, ஊசி, பட்டுநூல். அறுந்த மாலையோடு யார் வந்தாலும் பிரசங்கம் இலவசம். "முத்தைப் பூட்டி வைக்காதீங்கம்மா, அடிக்கடி போடுங்க. சென்ட் அடிச்சு முடிச்சப்புறம் கடைசியா போடுங்க. கழட்டினதும் மெத்துன்னு ஒரு துணியால துடைச்சு வைங்க." கடையில் என் பட்டப்பெயர் ரேடியோ.

அந்த ரேடியோ வீட்டுக்கு வந்தால் வேறு பாட்டுப் பாடும். கல்யாணமான புதிதில் மனைவிக்கு நானே பொறுக்கிக் கோர்த்துக் கொடுத்த ஒற்றைச் சர மாலை ஒன்று உண்டு. நான் வாங்கியதிலேயே உருப்படியான பொருள் அதுதான். அவள் எடுக்கப் போனாலே, "வேண்டாம், வேர்வை பட்டுடும். பொண்ணுக்குக் கொடுக்கணும்" என்பேன். துணியில் சுற்றி பீரோவில் வைத்து, முத்து காய்ந்து விரிசல் விடாமலிருக்கப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்தேன். ஒருமுறை அது கவிழ்ந்து அவளுடைய நல்ல துணியெல்லாம் பூஞ்சை பிடித்தது. "மாலைக்கு ஒண்ணும் ஆகலையே" என்றேன். மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை.

எப்போதாவது துணியின் ஓரத்தை விலக்கி இரண்டு முத்தைப் பார்ப்பேன். பளபளவென்று இருக்கும். எல்லாம் என் டம்ளர் வைத்தியம் என்று முதலாளியிடமே அளந்திருக்கிறேன்.

மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை பயணம். மாலையைப் புதுநூலில் கோர்த்து அவள் கையில் கொடுக்கலாமென்று, வியாழன் காலை யாரிடமும் சொல்லாமல் கடைக்கு எடுத்துப்போனேன்.

விளக்கடியில் பிரித்துப் பார்த்தேன். முடிச்சுகளில் கறுப்பாக அழுக்கு. முடிச்சுக்கும் முத்துக்கும் நடுவே நூல் தளர்ந்து தெரிந்தது. பீரோவில் கிடக்கும் மாலை இப்படி ஆகாது. தினமும் கழுத்தில் ஏறினால்தான் ஆகும். இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் நடுத்தெருவில் அறுந்து கொட்டியிருக்கும்.

முதலில் கோபம்தான் வந்தது. நான் எட்டரைக்குக் கிளம்புவேன். அவள் ஒன்பதரைக்குத் தபால் நிலைய வேலைக்குப் போய், எனக்கு முன்னால் வீடு திரும்பிவிடுவாள். என் பிரசங்கத்தை அப்படியே கேட்டு நடந்தவள் ஊரில் ஒருத்திதான். அவளும் அதை எனக்குத் தெரியாமல் செய்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் அவள் முகத்தில் ஈயாடவில்லை. மாலை காணாமல் போனதை என்னிடம் கேட்கவும் முடியாதே. புதுநூலில் கோர்த்த மாலையை மேஜைமேல் வைத்தேன். "நூல் ரொம்பத் தளர்ந்திருந்துச்சு" என்றேன்.

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பொண்ணுக்குத்தானே கோர்த்தீங்க?" என்றாள் மனைவி. அவள் கை தானாக மாலையில்லாத கழுத்துக்குப் போயிற்று.

"எனக்கு வேண்டாம்ப்பா" என்றாள் மகள். "ஆனா அந்தக் கொக்கியை அம்மாவால தனியா மாட்ட முடியாது. இத்தனை வருஷம் நான்தான் மாட்டிவிட்டேன். நான் போயிட்டா யாரு மாட்டிவிடறது?"

திங்கட்கிழமை எட்டரை தாண்டியும் நான் கிளம்பவில்லை.

"நேரமாகலையா?"

"கொஞ்சம் திரும்பி நில்லு."

கொக்கி மூன்று தடவை வழுக்கியது. எத்தனையோ மாலை கோர்த்திருக்கிறேன், ஒன்றையும் யார் கழுத்திலும் மாட்டிவிட்டதில்லை.