ஞாயிற்றுக்கிழமைச் சுடுதண்ணீர்

என் மடத்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு மின்சார வேலை தெரியாது. ஹட்டனிலிருந்து வந்த வயரிங்காரர் ஒருவருக்குப் பதினைந்து நாள் ஏணி பிடித்திருக்கிறேன், அவ்வளவுதான். ஏணி பிடிப்பவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். பார்த்துப் பார்த்துக் கழுத்துப் பிடிப்பும் கொஞ்சம் வயரிங்கும் வந்தன. கழுத்துப் பிடிப்பு போய்விட்டது. மற்றது தங்கி என்னைக் கெடுத்தது.

என் உண்மையான வேலை, தேயிலைத் தொழிற்சாலையின் டர்பைனுக்குத் தண்ணீர் விடுவது. எங்கள் தோட்டம் மஸ்கெலியாவுக்கு மேலே. ஓடைத் தண்ணீரை ஒரு தொட்டியில் தேக்கிக் குழாய் வழியாகக் கீழே விட்டால் டர்பைன் சுற்றும். தொழிற்சாலைக்கும் துரை பங்களாவுக்கும் கரண்ட் வரும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வராது. லயத்தில் நாங்கள் குப்பி விளக்கு வெளிச்சத்தில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் அடையாளம் கண்டுகொண்டோம்.

இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டவர்களை நுவரெலியாவுக்கு விசாரணைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்த காலம் அது. எனக்கும் அழைப்பு வந்தது: அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, ஆதாரங்களோடு வரவும். நானும் என் மனைவியும் இந்தத் தோட்டத்து லயத்திலேயே பிறந்தவர்கள். ஆனாலும் என் தகப்பனார் இத்தனை வருஷம் இங்கே இடைவிடாமல் வேலை செய்தார் என்று துரை கையெழுத்துப் போட்ட கடிதம் இல்லாவிட்டால், நாங்கள் பிறந்ததெல்லாம் வெறும் வதந்தி. எங்கள் மகளுக்கு இரண்டு வயது. அவளும் அந்த வதந்தியில் சேர்த்தி.

கடிதம் கேட்கப் பங்களாவுக்குப் போனேன். துரை புதியவர், வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. வராந்தாவில் வைக்கோல் சுற்றிய பெட்டி ஒன்று திறந்து கிடந்தது. உள்ளே செம்பில் செய்த சுடுதண்ணீர் சிலிண்டர், வயிறு பெருத்த முதலாளி மாதிரி மல்லாந்து படுத்திருந்தது. அதை மாட்ட வர வேண்டிய ஆள் வரவில்லை.

"நீ கரண்ட் வேலை தெரியும்?" என்று துரை கேட்டார்.

துரைத் தமிழில் கேள்வி எப்போதும் பதில் மாதிரிதான் இருக்கும். "தெரியும் தொரை," என்றேன்.

"ஞாயித்துக்கிழமை துரைசானி வரும். பேபி வரும். சுடுதண்ணி வந்தா, திங்கக்கிழமை கடுதாசி வரும்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தெரியும்னா சொன்னீங்க?"

"சொன்னேன்."

"நம்ம வீட்டு வெளக்குத் திரியே நான்தான் மாத்துறேன்."

ஆனால் வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். விளக்குக்குப் போகும் வயர் மெல்லியது. சிலிண்டருக்குள் இருக்கும் சூட்டுக் கம்பியோ மொடாக்குடியன் மாதிரி கரண்டைக் குடிக்கும். அதனால் மெயின் போர்டிலிருந்தே அதற்குத் தனியாகத் தடித்த வயர் இழுத்தேன். தனி பியூஸ். குளியலறைக்கு வெளியே இரண்டு வயரையும் ஒருசேரத் துண்டிக்கும் பெரிய சுவிட்ச். தண்ணீர் போதுமான அளவு சூடானதும் தானாகவே நிறுத்திக்கொள்ளும் சின்னப் பெட்டியைக் கம்பிக்கு முன்னால் வைத்தேன். எர்த்துக்காகத் தோட்டத்தில் ஆளுயரக் குழி தோண்டி, செம்புத் தகட்டை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டேன். உப்பு கொண்டுவந்து கொடுத்த பங்களாச் சமையல்காரர், நாங்கள் அப்பு என்று கூப்பிடுகிறவர், குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன, தொரைய ஊறுகா போடப் போறியா?"

சனிக்கிழமை, குளியலறைக்குப் பின்னால் இருந்த பழைய விறகு பாய்லரைக் கழற்றினேன். அதன் குழாய்கள்தான் சிலிண்டருக்கு வேண்டியிருந்தன.

"அத ரெண்டு நாளைக்கு விட்டு வைக்கலாமே," என்றார் அப்பு.

"இனிமே வெறகு எதுக்கு அப்பு?" என்றேன். அந்தத் தொனியை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையலாம் போல இருக்கிறது.

மத்தியானம் தண்ணீர் நிரப்பிச் சுவிட்சைப் போட்டேன். சாயந்திரம் துரை குழாயைத் திறந்தார். ஆவி பறந்தது. என் வாழ்நாளில் அதுவரை பீலியில் கொட்டும் பச்சைத் தண்ணீரில் மட்டுமே குளித்தவன் நான். அந்த ஆவியைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. துரை ஒரு குளியல் தொட்டி நிறையக் குளித்து, இருந்த சுடுதண்ணீரையெல்லாம் தீர்த்துவிட்டு வந்து, "குட்," என்றார். ராத்திரி தொழிற்சாலையில் கொழுந்து சுருட்டும் ரோலர் ஓடும்போது பங்களாவில் இது கரண்டைக் குடித்தால் எனக்குத்தான் ஏச்சு விழும். அதனால் சுவிட்சை நானே அணைத்தேன். நாளைக்கு விடிந்த பிறகு போட்டால் போதும் என்று அப்புவிடம் சொல்லிவிட்டு வந்தேன். புத்திசாலி என்றால் நான்தான்.

ஆபீசின் பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். செக்ரோல் என்கிற பழைய சம்பளப் பதிவுப் புத்தகங்களை இறக்கி, தும்மித் தும்மி அப்பாவின் பெயரைத் தேடிப் பிடித்து, வெள்ளிக்கிழமையே கடிதத்தை டைப் அடித்து வைத்திருந்தார். "இனித் துரையின்ரை கையெழுத்துத்தான். அதை என்னாலை டைப் அடிக்கேலாது," என்று சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் கொழுந்து எடுப்பதில்லை. சனிக்கிழமைக் கொழுந்து விடியற்காலையோடு காய்ந்து முடியும். முடிந்ததும் டர்பைனை நிறுத்துவது என் வேலை. நிறுத்திய பின், தொட்டியின் அடிமதகைத் திறந்து தண்ணீரையெல்லாம் வடியவிட்டு, தேங்கிய வண்டலை அள்ளி எறிவதும் என் வேலை. நாலு வருஷமாக வாராவாரம் செய்தது. அன்றும் செய்தேன். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு செய்தேன். முழங்கால் சேற்றில் நின்று கடைசி வாளியை வீசும்போது, கீழே வளைவில் துரைசானியின் கார் ஏறி வருவது தெரிந்தது. வாருங்கள், சுடுதண்ணீர் தயார் என்று மனதுக்குள் வரவேற்றுச் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

தொட்டியில் தவளை குளிக்கக்கூடத் தண்ணீர் இல்லை. மாசி மாதம், ஓடை நூல் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. மதகை அடைத்தேன். ஆனால் தொட்டி நிரம்ப மறுநாள் விடிந்துவிடும். பங்களாவுக்கு ஓடினேன். கரண்ட் இல்லை என்று தெரிந்தும் சுவிட்சை நாலு தடவை போட்டுப் பார்த்தேன்.

"கரண்ட நிப்பாட்டுறது நீதானே?" என்றார் அப்பு.

"ஆமா."

"அப்பறம் அதுல என்னத்தத் தேடுற?"

ஞாயிற்றுக்கிழமையில் பகலெல்லாம் கிளப்பில் இருந்துவிட்டு ராத்திரி படுக்க மட்டும் வருபவர் துரை. அன்றைக்குப் பங்களாவில் கரண்ட் இருக்காது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தும் மறந்துபோன நான் சேற்றோடு அவர் வீட்டுக் குசினியில் நின்றுகொண்டிருந்தேன். பாய்லரும் போய்விட்டது. மண்ணெண்ணெய்த் தகரங்களில் தண்ணீர் வைத்து அடுப்பில் சூடாக்கி, நானும் அப்புவும் நீண்ட நடைவழியில் தூக்கிக்கொண்டு ஓடினோம். குளியல் தொட்டி தோணி அளவு. ஒரு தகரம் கொதிப்பதற்குள் முந்தின தகரம் ஆறிப்போனது. உள்ளே சளி பிடித்த குழந்தை விடாமல் அழுதது. அந்த அழுகைக்கு ஓர் உரிமை இருந்தது, எனக்கு இல்லை.

துரை வெளியே வந்தார். கோபப்படவில்லை.

"சுடுதண்ணி இல்ல. கடுதாசி இல்ல," என்றார்.

திங்கட்கிழமை காலை டர்பைன் அழகாகச் சுற்றியது. பங்களாவுக்கு ஓடிப்போய் ஒன்பது மணிக்கெல்லாம் சிலிண்டரைக் கொதிக்க வைத்தேன். அதற்கு முன்பே துரை, துரைசானியையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு நுவரெலியாவில் ஹோட்டலுக்குப் போய்விட்டார். அப்பு அந்தத் தண்ணீரில் சட்டி கழுவினார். "அருமையான சூடு," என்று என்னைப் பாராட்டவும் செய்தார்.

கிளாக்கர் ஐயா கையெழுத்தில்லாத கடிதத்தை உறையில் போட்டுத் தந்தார். "கொண்டு போ. ஒண்டும் இல்லாததுக்கு இதாவது இருக்கட்டும்."

செவ்வாய்க்கிழமை விசாரணை அதிகாரி அதை வாசித்தார். அடியில் பார்த்தார். பிறகு திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்திலும் துரை இல்லை. டர்பைன் கதையைச் சொல்ல வாயெடுத்தேன். மொழிபெயர்க்க நின்றவர், வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

துரை வெள்ளிக்கிழமைதான் திரும்பி வந்தார். சுடுதண்ணீரில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு கையெழுத்துப் போட்டார். பேனாவைப் பிடித்த கை சிவந்து வெதுவெதுப்பாக இருந்திருக்கும். ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினோம். அது போய்ச் சேர்ந்ததா, யாராவது பிரித்துப் பார்த்தார்களா, தெரியாது. மாதங்கள் கழித்து வந்த பதிலில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. மனு நிராகரிக்கப்பட்டது என்று மட்டும் இருந்தது.

கிளாக்கர் ஐயா படித்துச் சொன்னதை வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி மகளின் நனைந்த கவுனை அடுப்புக்கு மேலே பிடித்துக் காயவைத்துக்கொண்டிருந்தாள். வெளியே மூன்றாவது நாளாக மழை.

"அப்ப நம்மள எங்க அனுப்புவாங்க?"

"இந்தியாவுக்குன்னு பேசிக்கிறாங்க."

அவளும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. எனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே.

"கவலப்படாத புள்ள. கையில தொழில் இருக்கு. அங்க போயி வீட்டுக்கு வீடு சுடுதண்ணி சிலிண்டர் மாட்டிப் பொழச்சுக்கலாம்."

அவள் கவுனை மறுபக்கம் திருப்பிப் பிடித்தாள்.

"அங்க வெயிலாம்."