பிரபுவின் சப்பாத்து

1986ஆம் ஆண்டு குளிர்காலம். ஜெர்மனியில் ஆஹென் நகருக்கு அருகே ஓர் அகதி முகாமில் இருந்தேன். அகதி விண்ணப்பம் கொடுத்து ஒரு வருடமாகியும் பதில் இல்லை. வேலை செய்ய அனுமதியும் இல்லை. சாப்பிடுவது, படுப்பது, கடிதம் வந்ததா என்று பார்ப்பது, இவ்வளவுதான் சீவியம்.

அப்போது நகரத்து நாடக அரங்கிலிருந்து ஆள் தேடி வந்தார்கள். ஒரு பழைய நாடகத்தில் வேலைக்காரனாக நிற்கக் கறுத்த ஆள் ஒருவர் வேண்டுமாம், சம்பளம் கிடையாதாம். பொழுதாவது போகட்டும் என்று போனேன். எனக்கு முன்பே வந்து ஜெர்மன் மொழி பழகியிருந்த முகாம் அண்ணை ஒருவர் மொழிபெயர்க்கக் கூட வந்தார்.

பிரபு வேடம் போட்டவர் ஒரு பிரெஞ்சு நடிகர். அறுபது வயதிருக்கும். நாடகத்துக்கு அச்சடித்த அறிமுகத் தாளில் இருந்த அவருடைய கதையை அண்ணை வாசித்துச் சொன்னார். பேக்கரிக்காரர் ஒருவரின் மகன். பதினாறு வயதில் வீட்டை விட்டு ஓடி, தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழித்து, பிறகு பன்னிரண்டு வருடம் எடுபிடி வேடமே போட்டவர். தலை நரைத்த பிறகுதான் சினிமா அவரைக் கூப்பிட்டது. அதற்குப் பின் ஜெனரல், நீதிபதி, பிரபு என்று பெரிய மனிதர் வேடங்கள்தான். எல்லைப்புற ஊர்க்காரர் என்பதால் ஜெர்மன் மொழி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

ஒத்திகையில்தான் வந்தது வினை. பயணம் முடிந்து வரும் பிரபுவின் முன்னால் நான் முழங்காலில் நின்று அவர் காலிலிருந்து சப்பாத்தை, அந்த நீண்ட பூட்ஸை, கழற்ற வேண்டும். இலங்கையில் எங்கள் ஊரில் நடந்த ஒரு ராணுவச் சுற்றிவளைப்பில் ஆமிக்காரன் ஒருவன் என்னை முழங்காலில் இருத்தித் தன் சப்பாத்தைத் துடைக்க வைத்திருந்தான். நான் நாட்டை விட்டு வெளிக்கிட்டதே அதற்குப் பிறகுதான்.

“ஏலாது எண்டு சொல்லுங்கோ அண்ணை.”

“விசர்க்கதை கதையாதை. உன்ரை விண்ணப்பம் இன்னும் முடியேல்லை. இவங்கள் விண்ணப்பம் பாக்கிற கந்தோருக்கு ஒரு கடிதம் போட்டால் என்ன செய்வாய்?”

இருந்தும் நான் அசையவில்லை. இயக்குநர் கத்தினார். பிரெஞ்சுக்காரர் அவரை அமர்த்திவிட்டு என்னிடம் வந்தார். தான் எத்தனையோ தரம் மேடையில் முழங்காலில் நின்றதாகவும், அதனால் ஒன்றும் குறைந்து போகவில்லை, இது நடிப்புத்தானே என்றும் சொன்னார்.

“அவர் வேசத்தைக் கழட்டிப்போட்டு வீட்டை போவார். நான் இந்த முகத்தோடைதான் வெளியிலை போகோணும். அதைச் சொல்லுங்கோ” என்றேன்.

அண்ணை தயங்கித் தயங்கிச் சொன்னார். நடிகர் திரும்பி ஒப்பனை அறைக்குப் போய்விட்டார். என் கதை முடிந்தது என்று அன்றிரவு நினைத்தேன். ஆனால் அடுத்த நாளும் கூப்பிட்டார்கள். சப்பாத்துக் காட்சியை மட்டும் ஒத்திகை பார்க்காமல் தாண்டினார்கள்.

முதல் காட்சியன்று, பிரபு நாற்காலியில் உட்கார்ந்து தன் சப்பாத்தைத் தானே இழுத்தார். நான் பக்கத்தில் நிமிர்ந்து நின்றேன். ஒன்று கழன்றது. மற்றது இறுகிவிட்டது. மனிதரின் முகம் சிவந்தது, சபையில் சிரிப்பு. எனக்குப் பாவமாக இருந்தது, ஆனாலும் குனியவில்லை. அவர் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். என் கையைக் கொடுத்தேன். அதைப் பிடித்து எழுந்தவர், ஒற்றைச் சப்பாத்தோடு நொண்டியபடியே தன் வசனத்தைப் பேசி முடித்தார். மற்ற நாட்களிலும் அப்படியே நடித்தார்.

பிறகு இந்த நாட்டில் கோப்பை கழுவினேன், கக்கூஸ் கழுவினேன், ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. ஆனால் இன்றைக்கும் யாராவது அதிகாரக் குரலில் பேசினால் முதலில் என் முதுகு நிமிர்ந்துவிடுகிறது, பயம் வருவது அதற்குப் பிறகுதான்.