பேட் இல்லாத கேப்டன்

எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நான்தான் கேப்டன். காரணம் எளிது: பேட்டும் பந்தும் என்னுடையவை. எனக்கு ஓட வராது. பந்து வீசினால் பக்கத்து வீட்டு மாடிக்குப் போகும். ஆனாலும் நான் பேட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டால் ஆட்டம் முடிந்தது என்பதால், என் தலைமையை யாரும் கேள்வி கேட்டதில்லை. நீமா வரும்வரை.

அவள் தான்சானியாக்காரி. ஆப்பிரிக்காவிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் முந்திரிக்கொட்டை மூட்டைகளைத் தரம் பார்க்க ஒரு வியாபாரி அவளுடைய அப்பாவை வரவழைத்திருந்தார். அப்பாவும் மகளும் எங்கள் மாடியில் குடிவந்தார்கள். அவளுடைய அம்மா ஊரிலேயே இருந்தாள். நான் அப்போது பதினொரு வயதுச் சிறுமி, நீமா என்னைவிடக் கொஞ்சம் பெரியவள். "வாடகைக்கு வேற ஆளே கிடைக்கலயா அண்ணாச்சி?" என்று எதிர்வீட்டுக்காரர் என் அப்பாவிடம் கேட்டார். சீக்கிரமே எனக்கும் அதே கேள்வி வந்தது, வேறு காரணத்துக்காக.

அடுத்த மழைக்காலத்துக்குள் அவள் தமிழ் பேசினாள். பள்ளிக்கூடத்துத் தமிழ் அல்ல, எங்கள் தமிழ். "ஏலே, அங்கன நிக்காத, பந்து வருதுல்லா" என்று அவள் கத்தினால் பையன்கள் நகர்ந்தார்கள். நான் கத்தினால் "எதுக்கு?" என்றார்கள். சண்டை வந்தால் தீர்ப்புக்கு அவளிடம் போனார்கள். மூக்கொழுகும் வாண்டு வரைக்கும் எல்லாருக்கும் பேட்டிங் உண்டு என்று சட்டமே போட்டுவிட்டாள், அதுவும் என் பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு. கப்பலில் வந்த முந்திரிக்கொட்டை போதாதென்று இது வேறொரு முந்திரிக்கொட்டை என்று கறுவினேன். அம்மா வேறு, "அந்தப் பிள்ளையப் பாருளா, என்ன பொறுப்பு!" என்று சோற்றோடு சேர்த்துப் பரிமாறுவாள். எனக்கு வயிறு எரியும்.

கார்த்திகையில் அடைமழை பிடித்தது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், ஓரத்துத் திறந்த ஓடை எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. நீமா யாரோ படகுக்காரர் வீட்டில் நீளமான கயிறு வாங்கி வந்து, ஓடையை ஒட்டிக் கம்பத்துக்குக் கம்பம் கட்டினாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் யாரும் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு. பெரியவர்களும் அதைப் பிடித்துக்கொண்டே நடந்தார்கள். எதிர்வீட்டுக்காரரின் அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை அவள் அனுப்பிய ஆள் மூலமாகத்தான் போனது. எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை பால் பாக்கெட் கொடுப்பது. கேப்டனுக்குப் பால் பாக்கெட்!

விட்டுவிடுவேனா? மெயின் ரோட்டில் லாரி போகும்போதெல்லாம் தண்ணீர் எங்கள் தெருவுக்குள் அலையடித்தது. புதுப் பந்து வாங்கித் தருவதாக ஆசை காட்டி நாலு பேரைச் சேர்த்து, தெருமுனையில் சாக்கும் மண்ணும் போட்டு வரப்பு கட்டினேன். சித்தப்பாவின் உப்பளத்தில் பார்த்துப் பழகிய வேலை. சொட்டு கசியவில்லை. உப்பளத்தில் வரப்பு கட்டுவது தண்ணீரை உள்ளே நிறுத்துவதற்கு என்பதுதான் நினைவுக்கு வரவில்லை. ஓடையின் வாயையும் சேர்த்தே அடைத்திருந்தேன். மழை மறுபடி கொட்டியது. மத்தியானத்துக்குள் தண்ணீர் எதிர்வீட்டுப் படியேறி உள்ளே போய்விட்டது.

சித்தப்பா வந்து பார்த்தார். "ஏளா, பாத்தி நல்லாத்தான் கட்டிருக்க. உப்பு எப்ப வாரலாம்?" என்றார். தெருவே சிரித்தது. கேஸ் அடுப்பைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர்கூட, "இவ அப்பனும் சின்னதுல இப்படித்தான்" என்று சிரித்தார்.

நீமா மட்டும் சிரிக்கவில்லை. பதறிப்போய் ஓடி வந்தாள். மண்வெட்டியை வாங்கி ஓடை வாயை அவளே வெட்டித் திறந்தாள். பையன்கள் மீதியையும் இடிக்கப் போனபோது, "உடைக்காதிய, லாரி அலைய அது தடுக்கும். அவ கட்டுனது நல்லாத்தான் இருக்கு, தண்ணிக்கு வழிதான் விடல" என்றாள். பெருந்தன்மை காட்டுகிறாளாம்! அதற்கு அவளும் சிரித்துத் தொலைத்திருக்கலாம்.

தண்ணீர் வடிந்தபின் எதிர்வீட்டுக்காரர் ஒரு டப்பா மக்ரூன் வாங்கி மாடியேறிப் போய் அவளிடம் கொடுத்தார். அவள் அதைப் பிரிக்காமல் எங்கள் அடுப்படிக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினாள்.

"அத்தை, இனிமே எங்கள வீட்டக் காலி பண்ணச் சொல்லமாட்டாவல்லா?"

அம்மா அவளை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டாள். வாசற்படியில் நின்ற எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெருவை எடுத்துக்கொண்டாள், இப்போது அம்மாவையுமா?

மறுநாளும் நான் தெருவில் இறங்கியபோது எல்லாரும் "என்ன, உப்பு வாரியாச்சா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவமானத்தில் அழுதேன். அந்த வரப்பை நீமா கட்டியிருந்தால் ஒருத்தர்கூடச் சிரித்திருக்க மாட்டார்கள் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.