விதை வைக்கும் கோரை

மலாயாவில், மெர்சிங் கடற்கரையை ஒட்டிய ஈர மணல்வெளியில், ரோட்டு வேலைக்காரர்களுக்கென்று போட்ட குடிசை ஒன்றில் வெள்ளையம்மா தனியாக இருந்தாள். புருஷன் காய்ச்சலில் போய் நான்கு வருடமாகியிருந்தது.

1931இல் ஒருநாள், சிங்கப்பூரிலிருந்து செடி சேகரிக்க வந்த தங்கராஜு மூன்று நாளாகத் தேடி அலுத்து அங்கே நின்றார். கையில் இலையே இல்லாத, கோரை மாதிரியான பச்சைத் தண்டு; அதன் விதையைத் தேடுவதாகச் சொன்னார்.

"இதுல விதை வராதுங்க, தூசிதான் உதிரும்," என்றாள் வெள்ளையம்மா. "விதை வைக்கிறது தனிச் செடி. வாங்க, காட்டுறேன்."

கணுக்கால் தண்ணீரில் கூட்டிப்போய்க் காட்டினாள். பழுப்புச் செதில்களுக்குள் விதை இருந்தது. மணலைத் தோண்டி, அடியில் படர்ந்த கிழங்குத் தண்டையும் எடுத்துக் கொடுத்தாள்.

"தீப்பிடிச்சு மேல எல்லாம் கருகினாலும் இதுலேர்ந்து மறுபடி துளிர்க்கும்."

"எப்படிம்மா இவ்வளவு தெரியும்?"

"பேச ஆளில்லைங்க. இதையேதான் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

தங்கராஜு இரண்டு செடிகளையும் காகிதத்துக்குள் வைத்துக் கட்டினார். சீட்டில் ஊரையும் தேதியையும் எழுதி, அவள் பெயரையும் கேட்டு எழுதி, வாசித்தார்: "விதைச் செடியைக் காட்டியவர், வெள்ளையம்மா."

ரோட்டு வேலையில் கங்காணி முதற்கொண்டு எல்லாருக்கும் அவள் 'ஏ பொம்பள'தான்.

"இன்னொரு தடவை வாசிங்களேன்," என்றாள்.

வாசித்துவிட்டு, படகுக்கு நேரமாகிவிட்டது என்று அவர் கிளம்பினார்.

அடுத்த வருடம் அந்தக் கோரை பூத்தபோது, யாராவது தேடி வருவார்கள் என்று வெள்ளையம்மா பாதையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். யாரும் வரவில்லை.