வாய் அறுத்த டம்ளர்

எங்கள் வீட்டில் ஒரு பித்தளை டம்ளர் இருக்கிறது. வாயோரம் இரண்டு விரல் உயரத்துக்கு அறுத்து எடுத்தது. இதை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று பார்ப்பவர்கள் கேட்கிறார்கள். அதில் தண்ணீர் குடித்தவர் என் அத்தான், அக்காவின் கணவர். அதை அறுத்தவர் அவருடைய சிநேகிதர், படகு இயந்திரம் பார்க்கும் ஃபிட்டர்.

அத்தான் ரங்கூன் துறைமுகத்தில், கப்பல்களைக் கட்டி இழுக்கும் இழுவைப் படகில் சுக்கான் பிடித்தவர். யுத்தத்துக்கு முன்பு ஒரு நாள் படகு பின்பக்கமாக வந்து கப்பல் ஒன்றில் மோதியது. அவர் நசுங்கிச் செத்தார். குடித்திருந்தார் என்று எழுதி விசாரணையை மூடிவிட்டார்கள். மாமியார் வீட்டில் அக்காவை வைத்துக்கொள்ளவில்லை. ஆவுடையார்கோவில் பக்கம் எங்கள் ஊரிலும் அவள் குடத்தோடு போனால் "குடிகாரன் பொண்டாட்டி" என்பார்கள். அத்தான் வெற்றிலைகூடப் போடாதவர். அந்தப் பேச்சு பொய் என்று ஊர் ஒத்துக்கொள்ள வேண்டும். அக்காவுக்கு வேறு ஆசையே இல்லை.

பர்மாவில் குண்டு விழுந்த பிறகு ஃபிட்டர் நடந்தே வந்து சேர்ந்தார். இரண்டு காலும் புண். அத்தானோடு ஒரே படகில் இருந்தவர் என்றதும் அக்கா "அண்ணே, அண்ணே" என்று அத்தானின் தட்டிலேயே சோறு போட்டாள். இரண்டு மாதம் எங்களோடு இருந்தார். நாகப்பட்டினத்தில் வேலை கேட்கும்போது கைத்திறனைக் காட்டுவதற்காக, கிராமபோன் ஸ்பிரிங்கை வைத்து மூன்றடியில் ஓர் இழுவைப் படகு செய்தார். தண்ணீரைத் தள்ளும் விசிறியைச் சுற்றி ஒரு வளையம் போட்டால் இழுவை கூடும் என்றார். வளையத்துக்கு அக்கா அத்தானின் டம்ளரை எடுத்துக் கொடுத்தாள்.

அக்காவும் கூட வர, கண்மாயில் விட்டோம். கனமான மரக்கட்டை ஒன்றைக் கட்டி இழுத்துக்கொண்டு படகு விறுவிறுவென்று போனது. சுக்கானைத் திருப்பி வைத்த பக்கம் ஒழுங்காகத் திரும்பியது. நான் அப்போது அறந்தாங்கி ரோட்டில், பெட்ரோல் கிடைக்காத அந்த நாளில் கரியில் ஓடிய கரி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். முன்னால் போவதெல்லாம் ஓட்டுநருக்கு ஒரு ஓட்டமா? வண்டியின் லட்சணம் ரிவர்ஸில்தான் தெரியும். "பின்னால விட்டுக் காட்டுங்க" என்றேன், விளையாட்டாகத்தான். "அது எதுக்குத் தம்பி, ஸ்பிரிங் தாங்காது" என்றார். பின்னால் ஓட வைக்கும் லிவரை நானே தட்டிவிட்டேன். படகு சுக்கானைச் சட்டை செய்யாமல் கோணிக்கொண்டு வந்து படித்துறையில் இடித்தது. மறுபடியும் அதே கதை. வளையத்தைக் கழற்றிவிட்டு மறுபடி பின்னால் ஓடவிட்டேன்; ஓரளவு சொன்னபடி கேட்டது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அடப்பாவி!

"அத்தான் ஓட்டுன படகுலயும் வளையம் மாட்டுனீங்களா?"

"தொரை மாட்டச் சொன்னாரு. பின்னால வரையில சுக்கான் கேக்கலைன்னு ஒங்க அத்தான் ரெண்டு தடவை சொன்னாரு. பழகிப்போகும்னுட்டேன்."

"குடிச்சிருந்தார்னு சொன்னது யாரு?"

தண்ணீரைப் பார்த்தபடி, "நான்தான்" என்றார்.

அக்கா அழவில்லை. வளையத்தை மாட்டச் சொல்லி, "இன்னொரு தடவை விடுங்க" என்றாள். அண்ணே என்ற சொல் போய்விட்டது. தண்ணீர் எடுக்க வந்த ஒவ்வொருத்தியையும் நிறுத்தி, "இங்கிட்டு வா, இவரு வாயால கேளு" என்றாள். ஃபிட்டர் புண்காலோடு தண்ணீரில் நின்று படகை விட வேண்டும், "அவரு குடிக்கலைங்க, நான் பொய் சொன்னேன்" என்று சொல்ல வேண்டும். "போதும் தங்கச்சி, கால் எரியுது" என்று கும்பிட்டார். "எம் புருசனுக்கு வலிக்கலையா?" என்றாள். ஸ்பிரிங் அறுந்த பிறகும் கையால் தள்ள வைத்தாள். பொழுது சாய்ந்ததும் வளையத்தைப் பிடுங்கிக் கண்மாயில் எறிந்தாள். நான் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அது இனித்தது.

மறுநாள் அறந்தாங்கி ரோட்டில் நொண்டிக்கொண்டு போன ஃபிட்டர் என் பஸ்ஸைப் பார்த்துக் கை நீட்டினார். பாதி பஸ் காலி. வேகத்தைக் குறைத்தேன். அவர் ஓடி வந்து கதவைத் தொடப் போகும்போது கிளப்பிக்கொண்டு போனேன். நாலு நாள் கழித்து, புளியமரத்தடியில் காய்ச்சலில் செத்துக் கிடந்தார் என்று கண்டக்டர் சொன்னார். ஊரிலோ, அடுத்த மாதமே "குடிகாரன் பொண்டாட்டி" என்று பழையபடி ஆரம்பித்துவிட்டார்கள். அக்கா சாகும்வரை அந்தப் பேர் போகவில்லை.

ஃபிட்டருக்கு வேண்டியது வளையம் மட்டும்தான். ஆனால் அறுத்த அன்று மிச்ச டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு அறுத்த விளிம்பை அரைநாள் அரத்தால் அராவிக்கொண்டிருந்தார். எதற்கு இந்த வெட்டி வேலை என்று கேட்டேன். "தங்கச்சி தண்ணி குடிச்சா ஒதடு கிழிஞ்சிரக் கூடாதுல்ல" என்றார். நேற்றும் அதில்தான் குடித்தேன். கிழிக்கவில்லை.